பொடிக்கட்டம் கூடாது

1

பல் டாக்டர் கடிதம், மகளின் பள்ளிக்கூடக் கடிதம், பீட்சாக் கடை விளம்பரம், இவற்றுக்கு நடுவில் நேற்று ஒரு நீளக் கவர் கிடந்தது. பிரித்தேன். தமிழ்ச் சேனல் ஒன்றின் பொங்கல் நிகழ்ச்சி இந்த வருஷமும் லண்டனிலிருந்து நேரலையாக ஒளிபரப்பாகிறதாம். பார்வையாளராக வந்து உட்கார இரண்டு பேருக்குச் சீட்டு. சீட்டின் பின்பக்கம் விதிகள். வெள்ளை உடை கூடாது. பொடிக்கட்டம், பொடிக்கோடு போட்ட உடை கூடாது. கேமராவைப் பார்த்துக் கையசைக்கக் கூடாது.

படித்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் இந்த மூன்று வரியையும் அச்சடித்துக் கொடுத்திருந்தால் நான் அந்தப் பாடு பட்டிருக்க மாட்டேன். என்னைப் பார்த்த பிறகுதான் அச்சடிக்கவே ஆரம்பித்தார்களோ, யார் கண்டது?

ஊரில் உட்கார்ந்து டிவி பார்க்கிற உங்களுக்கு, அதில் கை தட்டுகிற கூட்டத்தைப் பற்றி என்றைக்காவது யோசனை வந்திருக்கிறதா? எனக்கும் வந்ததில்லை. பாடுகிறவரைப் பார்ப்போம், ஆடுகிறவரைப் பார்ப்போம், நடுவில் இரண்டு விநாடி வந்துபோகிற முகங்களை யார் பார்க்கிறார்கள்? ஆனால் ஒரு பொங்கலன்று ஆரணியில் ஒரு வீடு பாட்டையும் விட்டது, ஆட்டத்தையும் விட்டது, அந்த இரண்டு விநாடிக்காக மட்டும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. அந்தக் கதைதான் இது.

2

நான் ஆரணிக்காரி. பெயர் கஸ்தூரி. அப்பா பட்டுத் தறிக்காரர். அவர் போன பிறகு அண்ணன் அதே தறியில் உட்கார்ந்தான். எனக்கும் அம்மாவுக்கும் பாவு பிணைக்கிற வேலை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு, ஒரு பாவு தீரும்போது அதன் நுனி இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இரண்டு இழையையும் வைத்து ஒரு முறுக்கு. ஆயிரக்கணக்கில் முறுக்க வேண்டும். ஏழு வயசில் ஆரம்பித்தது. கல்யாணமாகி லண்டன் வந்த பிறகும் விரல் நிற்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்தாலும், ஆபீஸில் எவனாவது கேள்வி கேட்டாலும், வலது கை தானாக மடியில் விழுந்து இல்லாத இழையை முறுக்க ஆரம்பித்துவிடும். பயம் வந்தால் இன்னும் வேகமாக முறுக்கும். என் மகள் நிலா சின்ன வயசில் ஒருநாள் கேட்டாள், "அம்மா, நீ எதுக்கு எப்பப் பார்த்தாலும் உப்பு போடுற?"

இங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்கு வேலை. ஒரு பிப்ரவரி காலையில் வேலைக்குப் போகும்போது, நடைபாதையில் கண்ணுக்கே தெரியாத பனிக்கட்டியில் கால் வைத்தேன். வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு மூன்று துண்டு. ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு உலோகத் தகட்டை வைத்துத் திருகாணி போட்டுவிட்டார்கள்.

அம்மாவிடம் போனில் சொன்னபோது வாய் சும்மா இருந்ததா? "கையில பிளேட்டு வெச்சிருக்காங்கம்மா" என்றேன்.

"தட்டா? கையில எதுக்குடி தட்டு?"

"சோத்துத் தட்டு இல்லம்மா. எலும்புக்கு வெக்கிறது."

"எலும்பு இல்லன்னாதான தட்டு வெப்பாங்க? இன்னாடி சொல்ற நீ?"

இது பற்றாதென்று, போளூரில் என் மாமியார் பஸ்ஸில் யாரிடமோ "மருமகளுக்குக் கையில ஆபரேஷன்" என்று சொல்லியிருக்கிறார். பஸ் ஆரணி வந்து சேர்வதற்குள் அந்தச் செய்தி "கையையே எடுத்துட்டாங்களாம்" என்று ஆகிவிட்டது.

கட்டு பிரிக்கிற வரைக்கும் கடிதங்களை என் கணவர் எழுதினார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் என் எழுத்து எது, அவர் எழுத்து எது என்று நன்றாகத் தெரியும். கட்டு பிரித்ததும் நானே எழுதினேன். விரல் வளையாமல், ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தது. அதைப் பார்த்துவிட்டு அம்மா ஒரே போடாகப் போட்டாள்: "இது இடது கையில எழுதுனது."

அந்த ஆடியில் அம்மா படவேட்டுக்குப் போய் ரேணுகாம்பாளிடம் வேண்டிக்கொண்டாள். மகளுடைய இரண்டு கையையும் தன் கண்ணால் பார்க்கிற வரைக்கும் ராத்திரி சோறு தொடுவதில்லை. ஒரு டம்ளர் மோரோடு படுத்துவிடுவாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. இரண்டு தடவை விடியற்காலையில் மயங்கி விழுந்தாள். டாக்டர் திட்டினார், அண்ணன் கத்தினான், அண்ணி அழுதாள். அம்மா மசியவில்லை.

3

போய்க் கையைக் காட்டிவிட்டு வருவதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் பாஸ்போர்ட் மூன்றும் இந்த ஊர்க் குடியேற்ற அலுவலகத்தில் கிடந்தன. விசா நீட்டிக்க விண்ணப்பித்திருந்தோம். மாதம் ஒரு கடிதம் வரும். உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, பாஸ்போர்ட்டைத் திரும்பக் கேட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கருதப்படும். எல்லாக் கடிதத்திலும் இதே இரண்டு வரி. நான் ஊரைப் பார்த்து அப்போதே நாலு வருஷம் ஆகியிருந்தது.

இரண்டு கையையும் நீட்டி ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். அம்மா கையிலேயே வாங்கவில்லையாம். "போட்டோவுல இன்னா வேணா ஒட்டுவானுங்க" என்றாளாம். அவளைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் அண்ணன் கல்யாணப் போட்டோ மாட்டியிருக்கிறது. அதில் கல்யாணத்துக்கு மூன்று வருஷம் முன்பே போய்ச் சேர்ந்த அப்பா, மாப்பிள்ளை பக்கத்தில் ஜம்மென்று நிற்பார். ஸ்டுடியோக்காரர் கைவண்ணம். கால் மட்டும் தரையில் படாது.

பிரவுசிங் சென்டருக்கு அம்மாவை அழைத்துப்போய் கம்ப்யூட்டரில் காட்டப் பார்த்தான் அண்ணன். நான் இங்கே கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். அங்கே படம் கட்டம் கட்டமாக உறைந்து நின்றதாம். "இதுவும் போட்டோதான்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

அந்த சமயத்தில்தான் லண்டனில் பொங்கல் நேரலை என்று சேனலில் விளம்பரம் வந்தது. அண்ணன் போன் போட்டான்.

"கஸ்தூரி, எப்படியாவது அதுல போய் ஒக்காரு. அம்மாகிட்ட சொல்லிட்டேன். லைவுன்னா அப்ப நடக்கறது அப்பவே தெரியும்மா, அதுல ஒட்ட முடியாதுன்னு சொன்னேன். ஒத்துக்கிச்சி."

"நெஜமாவா?"

"'அப்ப அதுல காட்டச் சொல்லு'ன்னுச்சி. கூட்டத்துல எப்படி கண்டுபுடிக்கிறதுன்னு மட்டும் கேக்குது."

"போன தீபாவளிக்கு நீ நெய்ஞ்சு அனுப்புன பொடவையக் கட்டிக்கிறேன்னு சொல்லு. அரக்குல பொடிக்கட்டம், பச்சக் கரை."

அந்தப் புடவையை வேறு யாரும் கட்டியிருக்க முடியாது, அது எங்கள் தறியில் இறங்கியது. கேமரா என் பக்கம் வந்ததும் இரண்டு கையையும் தூக்கி ஆட்ட வேண்டியது, அம்மா பார்க்க வேண்டியது, அன்று ராத்திரியே சோறு. இதில் தப்பு நடக்க எங்கே இடம் இருக்கிறது என்று நினைத்தேன். ஆள் அடையாளத்துக்குப் புடவையைச் சொல்கிற புத்தி எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கு வரும்?

4

கணவருக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. நிலாவை இழுத்துக்கொண்டு போனேன். அவளுக்குப் பதினொரு வயசு. வருகிற வழியெல்லாம் காதில் பாட்டு, முகத்தில் உர். "ஆயாவுக்கு நீ சொன்னா நம்பிக்கை இல்லையா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

லண்டனுக்கு வெளியே ஒரு பெரிய கொட்டகை. உள்ளே கரும்பு, மண்பானை, மாவிலைத் தோரணம், எல்லாம் பிளாஸ்டிக். வாசலில் ஒரு பெண். காதில் ஒயர், கையில் அட்டை, கூட்டத்தை உட்கார வைப்பது அவள் பொறுப்பு. என் புடவையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"மேடம், சாரி நல்லா இருக்கு. ஆனா இந்த குட்டிக் கட்டம் கேமராவுல அலை அலையா ஆடும். மாத்த வேற இருக்கா?"

"இல்லங்க. இத கட்டிக்கினுதான் வரேன்னு ஊர்ல சொல்லியிருக்கேங்க."

"அப்ப கோட்டைப் போட்டு மூடிக்குங்க. இல்லன்னா கடைசி வரிசை."

கடைசி வரிசைக்குக் கேமரா வராது. அண்ணன் மூன்று வாரம் உட்கார்ந்து நெய்த கட்டத்தின்மேல், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய என் பழுப்பு நிறக் கோட்டைப் போட்டுக் கழுத்து வரைக்கும் பித்தான் மாட்டினேன். சரி, புடவை போனால் போகிறது, கை இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

எங்களை இரண்டாம் வரிசையில் உட்கார வைத்தார்கள். என் இந்தப் பக்கம் நிலா. அந்தப் பக்கம் யோகா அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், அன்றுதான் பழக்கம். அவரைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அரக்குப் புடவை. பச்சைக் கரை. கட்டம் கிடையாது, உடம்பு முழுக்க வெறும் அரக்கு. கடையில் அடுக்கடுக்காக வைத்திருப்பார்களே, அது.

பிறகு அந்தப் பெண் மேடையில் ஏறி எங்களுக்கு வகுப்பு எடுத்தாள். அட்டையைத் தூக்கினால் கை தட்ட வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும். கொட்டாவி விடக் கூடாது. "முக்கியமா, கேமராவைப் பார்த்து யாரும் கையாட்டாதீங்க. இது லைவ். ஆட்டினா பின்னாடி அனுப்பிடுவேன்."

அவ்வளவுதான், என் திட்டம் அங்கேயே படுத்துவிட்டது. யோகா அக்கா கவனித்துவிட்டார்.

"என்ன, முகம் வெளுத்துப் போச்சு?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தரப்படாதேயுங்கோ" என்றார். எனக்கு அந்த வார்த்தை புரியவில்லை. பதறாதே என்று அர்த்தமாம். "கமெரா வரேக்க மெல்லமாத் தூக்குங்கோ. என்ன செய்வினம்?"

என்ன செய்வார்கள் என்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. முதல் பாட்டில் முன்வரிசையில் இரண்டு பெண்கள் கையாட்டினார்கள். அடுத்த விளம்பர இடைவேளையில் இருவரையும் எழுப்பிக் கடைசிக்கு அனுப்பிவிட்டார்கள். கேமரா இன்னும் எங்கள் பக்கம் வரவே இல்லை. ஆட்டினால் அனுப்பிவிடுவார்கள். ஆட்டாவிட்டால் அம்மாவுக்குத் தெரியாது. இப்போது ஊரில் மணி ஏழரை. மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்பாள்.

மூன்றாவது பாட்டில் கேமரா வந்தது. நீளக் கழுத்தை ஆட்டிக்கொண்டு, நெற்றியில் சிவப்பு விளக்கோடு, முதல் வரிசையைத் தாண்டி இரண்டாம் வரிசைக்கு. அட்டை தூக்கியிருந்தது. கொட்டகையே தாளம் போட்டது. எனக்குக் கை தட்டினால் மணிக்கட்டு குத்தும், அதனால் தட்டவில்லை. தூக்கு, தூக்கு என்கிறது மனசு. அந்தப் பெண் என்னையே முறைத்துக்கொண்டு நிற்கிறாள். கேமரா யோகா அக்காவிடம் வந்து நின்றது. அவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக் கை தட்டினார். அடுத்தது நான். கையைத் தூக்கப் போகிறேன், கேமரா அப்படியே மேடைப் பக்கம் திரும்பிவிட்டது.

அப்புறம் அது எங்கள் பக்கமே வரவில்லை.

"அம்மா, உப்பு போடாத" என்று நிலா என் கையை அமுக்கினாள். என்ன தோன்றியதோ, வீடு வருகிற வரைக்கும் அந்தக் கையை விடவில்லை.

5

வீட்டுக்கு வந்ததும் போன் கார்டைச் சுரண்டி ஊருக்கு அடித்தேன். அண்ணிதான் எடுத்தாள். பின்னால் ஒரே கூச்சல்.

"பார்த்துட்டோம் கஸ்தூரி! ஜல்தியா திருப்பிட்டானுங்க, ஆனாலும் நல்லா பார்த்துட்டோம். அரக்குப் பொடவ! ரெண்டு கையும் தட்டிகினு இன்னா சிரிப்பு! தெருவே கை தட்டுச்சி. கொஞ்சம் சதை போட்டுக்கினே, அதுவும் நல்லாதான் கீது."

இவர்கள் பார்த்தது யோகா அக்காவை.

"அண்ணி, அது..."

"இரு இரு, அம்மா கேக்குது."

அம்மா போனை வாங்கினாள். அவள் குரலில் சத்தமே இல்லை. "பார்த்தன்டி. போதும். இன்னிக்கி சோறு துன்றன்."

கார்டு தீர்ந்து லைன் கட்டாகிவிட்டது.

கணவர் வந்ததும் சொன்னேன். "விடு, எப்படியோ சாப்பிடறாங்கல்ல" என்றார். ஆண்களுக்கு எல்லாம் சுலபம். வேண்டுதல் யாருக்கு? படவேட்டம்மாவுக்கு. என் கையைப் பார்த்துவிட்டுத்தானே சோறு தொடுவேன் என்று வாக்குக் கொடுத்தாள்? இப்போது யோகா அக்காவின் கையைப் பார்த்துவிட்டு அம்மா சோறு தின்கிறாள். உண்மையைச் சொன்னால் மறுபடியும் மோர், மறுபடியும் மயக்கம். சொல்லாவிட்டால் அம்மாவைக் கொண்டு சாமியிடம் பொய் சொல்ல வைத்த பாவம் எனக்கு. மூன்று தடவை சொல்ல வாயெடுத்தேன். மூன்று தடவையும் அம்மா "சோறு நல்லா எறங்குதுடி" என்று முந்திக்கொண்டாள். மத்தியானம் மூன்று மணிக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் அடுக்கும்போது, இப்போது அம்மா தட்டு முன்னால் உட்கார்ந்திருப்பாள் என்று நினைப்பு வரும். கை முறுக்க ஆரம்பித்துவிடும்.

6

பாஸ்போர்ட் திரும்பி வர இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது. வந்த வாரமே டிக்கெட் போட்டோம். ஆரணி வீட்டு வாசலில் ஆரத்தி சுற்றிய கையோடு அம்மா என் வலது கையைத்தான் பிடித்தாள். தழும்பைத் தடவி, தோலுக்கு அடியில் மேடாக இருந்த தகட்டை அமுக்கிப் பார்த்தாள்.

"இதானா அந்தத் தட்டு?"

"இதான்."

"இத்துனூண்டு கீது. இதுக்கா அவ்ளோ பேஜார் பண்ண?"

நான் பேஜார் பண்ணினேனாம்!

மூன்றாம் நாள் படவேடு போக ஏற்பாடு. வேண்டுதல் பலித்ததற்குப் பொங்கல் வைக்க வேண்டும், நான் வரட்டும் என்று அம்மா அதை நிறுத்தி வைத்திருந்தாளாம். காலையில் அரிசி, வெல்லம், பானை எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. அண்ணன் வண்டி பேசிவிட்டான். அதற்குமேல் என்னால் முடியவில்லை. கோயில் வாசலில் போய் நின்று எந்த முகத்தோடு கும்பிடுவது? கூடத்தில் உட்கார்ந்து பூ தொடுத்துக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, டிவியில பார்த்தது நான் இல்ல."

அண்ணி கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள். "ஐயய்யோ, இன்னா சொல்றே?"

"அது பக்கத்துல இருந்த அக்கா. என் பொடவைய மூடச் சொல்லிட்டாங்க. கைய ஆட்டக் கூடாதுன்னுட்டாங்க. நீ என்னப் பார்க்கவே இல்லம்மா. வேண்டுதல் பொய்யாப் போச்சு. சொன்னா நீ சாப்பிட மாட்டேன்னு பயந்துகினு சொல்லல." அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டேன்.

அம்மா பூவிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"அந்த அரக்குப் பொடவ நீ இல்லன்னு எனக்குத் தெரியாதா? அதுல கட்டம் எங்க கீது? நாங்க அனுப்புனது கட்டம் போட்டது. ஊருக்குத்தான் கண்ணு இல்லன்னா எனக்குமா இல்ல?"

"அப்ப பார்த்தேன்னு சொன்னியே?"

"டேய், அந்த கேசட்டப் போடு" என்றாள் அண்ணனிடம்.

கேபிள்காரர் அன்றைக்குப் பதிவு செய்து கொடுத்த கேசட். மூன்றாவது பாட்டு வந்தது. யோகா அக்கா வந்தார். "நிறுத்து" என்றாள் அம்மா. படம் நடுங்கிக்கொண்டு நின்றது. அவள் எழுந்து போய் டிவியின் கீழ் மூலையில் விரலை வைத்தாள். யோகா அக்காவின் அரக்குப் புடவை முடிகிற இடத்தில் ஒரு பழுப்பு நிறக் கோட்டின் கை. மடியில் ஒரு வலது கை. அதற்கு அந்தப் பக்கம் இடது கை விரல் நாலு. முகம் கிடையாது.

"இப்ப ஓட்டு."

படம் நகர்ந்தது. கொட்டகையே தாளம் தட்டிக்கொண்டிருந்தது. மூலையில் அந்த வலது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் விறுவிறுவென்று உருண்டன.

"எல்லாரும் தட்டிகினு கீறாங்க. இது மட்டும் பாவு பிணைச்சிகினு கீது" என்றாள் அம்மா. "லண்டன்ல வேற எவ பிணைப்பா? தட்டு வெச்ச கையாம். விரல் எவ்ளோ வேகமா போவுது பாரு."

நிலா டிவி அருகே போய் மண்டியிட்டுப் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, நீ உப்பு போடுற" என்றாள், ரகசியம் மாதிரி.

அண்ணிக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏங்க அத்த, தெருவே அந்தப் பொம்பளையப் பார்த்துக் கை தட்டுச்சி. அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"எல்லாரும் சந்தோஷமா இருந்தீங்க. அத ஏன் கெடுக்கணும்? எனக்குத் தெரிஞ்சிது, அம்மனுக்குத் தெரிஞ்சிது." பூவை முடிச்சுப் போட்டு நறுக்கினாள். பிறகு என்னைப் பார்த்து, "கை நல்லா கீதுன்னு தெரிஞ்சிது. ஆனா பயந்துகினு கீறேன்னும் தெரிஞ்சிது. அது போன்ல கேக்கற விஷயமா? நேர்ல வரட்டும்னு இருந்தன். இன்னா பயம்டி அங்க உனக்கு?"

ஒன்றரை வருஷம் நான் அம்மாவை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அவள் அத்தனை நாளும் இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். படவேடு போய்ச் சேருகிற வரைக்கும் அவள் தோளில் சாய்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குடியேற்ற அலுவலகத்துக் கடிதங்கள், பனியில் தனியாக விழுந்து கிடந்த அரை மணி நேரம், நிலாவுக்குத் தமிழ் விட்டுப்போகிறது, எல்லாம். அம்மா ஒன்றுக்கும் வழி சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே வந்தாள்.

7

நேற்று வந்த சீட்டைப் பற்றி இன்று காலையில் அம்மாவிடம் சொன்னேன். இப்போதெல்லாம் கார்டு சுரண்டுகிற வேலை இல்லை. நிலாவுக்கு வயசு பதினாறு. பொங்கல், பாட்டு என்றால் ஓடிவிடுகிறவள், இதற்கு மட்டும் தானே வருகிறேன் என்கிறாள்.

"கட்டம் போட்ட பொடவ கூடாதாம்மா. கையாட்டக் கூடாதாம். இந்தத் தடவ அச்சடிச்சே குடுத்துட்டாங்க. போகவா, வேணாவா?"

"போயேன். எந்தப் பொடவயானா கட்டிக்கோ. மூஞ்சி தெரியலன்னாலும் பரவால்ல. கைய மடியில வெச்சிகினு ஒக்காரு" என்றாள். "மத்தத நான் பார்த்துக்கறேன்."